முந்நூற்றுத் தொண்ணூறு குதிரையும் ஒரு முழத் துணியும்

என் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரோரத்துப் பெரிய மேசையை வேறு யாருக்கும் தரமாட்டேன். அது கார்ப் பைத்தியங்களுடைய மேசை. எங்கள் ஈப்போ நகரத்தில் நல்ல தோசை கிடைக்கும் கடைகள் எத்தனையோ இருக்கின்றன. ஒரு கோப்பைத் தே தாரிக் டீயை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இன்ஜினைப் பற்றிப் பேசினாலும் எழுப்பி விடாத கடை என்னுடையது ஒன்றுதான். இதற்குக் காரணம் என் பெருந்தன்மை இல்லை. அந்த மேசையில் என் தம்பியும் உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் எடுக்க ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் எந்தக் காருக்கு எத்தனை குதிரைசக்தி, எது வளைவில் வாலை ஆட்டும், எது பிரேக் பிடித்தால் மூக்கைத் தரையில் தேய்க்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எல்லாம் சட்னி வாளியோடு அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்து கற்றது.

மேசைக்குத் தலைவர் பல் டாக்டர். வயது அறுபதை நெருங்குகிறது. இலங்கைத் தமிழ்க் குடும்பம். அப்பா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர், கூடப் பிறந்தவர்கள் வக்கீலும் இன்ஜினியரும். அவருக்கு வலது பக்கத்தில் வங்கி அதிகாரி ஒருவர். கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்வது அவருடைய கொள்கை. என் தம்பி பல வருடம் மேசையின் ஓரத்தில், சமையலறைக் கதவை ஒட்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

நானும் அவனும் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அப்பா, அம்மா இருவரும் பால் வெட்டியவர்கள். தம்பி செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்கு டிரைவராகப் போய், பிறகு சொந்தமாக ஒரு லோரி வாங்கி, இப்போது ஆறு லோரி வைத்திருக்கிறான். இதையெல்லாம் அந்த மேசையில் யாரும் வாய்விட்டுப் பேசியது கிடையாது. டாக்டர் தங்கமான மனிதர். என் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கியவர். ஆனாலும் அவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவார்கள், தம்பி பேசமாட்டான். பேச நினைத்தால் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வான். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, தோசை தின்னும் இடத்தில் எதற்குத் தொண்டையைச் செரும வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

போன வருடம் அவன் ஒரு புதுக் கார் வாங்கினான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகக் கிடக்கும் விளையாட்டுக் கார். முந்நூற்றுத் தொண்ணூறு குதிரைசக்தி. பிறந்த பிள்ளையின் எடையைச் சொல்வதுபோல அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தான். காரை எடுத்த அன்று நேராக என்னிடம் வந்து, "ஏறுக்கா, ஒரு ரவுண்டு போலாம்" என்றான். ரவுண்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், முதலில் கோயிலுக்கு ஓட்டு என்றேன்.

எங்கள் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரமும் இல்லை, ஆட்களும் இல்லை. செம்பனைக்கு நடுவில் அம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசாரி வருவார். அந்தத் தோட்டத்தில் பிறந்த நாங்கள் எந்த ஊரில் இருந்தாலும், புது வண்டி வாங்கினால் அங்கே கொண்டுவந்து நிறுத்தாமல் வேறு எங்கும் ஓட்டமாட்டோம். பெரிய சாலையிலிருந்து கோயிலுக்குப் போகும் செம்மண் பாதை முழுக்கக் குழி. அந்தக் காரின் வயிற்றுக்கும் மண்ணுக்கும் நடுவில் நான்கு விரல்தான் இடைவெளி. ஒவ்வொரு குழிக்கும் தம்பி இறங்கிப் பார்த்து, ஏறி, அங்குலம் அங்குலமாக ஓட்டினான். ஒரு மாடு எங்களை முந்திக்கொண்டு போனது. முந்நூற்றுத் தொண்ணூறு குதிரையையும் ஒரு மாடு முந்திவிட்டதே என்று சொல்லி நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டியதும், பூசாரி அம்மனுக்குச் சாத்தியிருந்த சிவப்புச் சேலையில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தார். இது எங்கள் கோயில் வழக்கம். அந்தத் துணியை வண்டியில் கட்ட வேண்டும். கட்டிய பிறகு யாரும் அவிழ்க்கக் கூடாது. வெயிலில் வெளுத்து, நைந்து, அதுவாக விழ வேண்டும். அதுவரைக்கும் அந்த வண்டி அம்மனுடைய பொறுப்பு. தம்பியின் ஆறு லோரியிலும் முன்பம்பரில் ஊரே பார்க்கும்படி சிவப்புத் துணி பறக்கும்.

காரின் முன்னால் நான் குனிந்தபோது அவன் மெதுவாகச் சொன்னான், "அக்கா, உள்ளுக்குள்ள கட்டு. வெளிய தெரிய வேணாம்."

"ஏன், அம்மன் துணின்னா வெக்கமா?"

"வெக்கம் இல்லக்கா. டாக்டரு பாத்தா சிரிப்பாரு லா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் சண்டை போடவில்லை. துணி வண்டியில் இருந்தால் போதும் எனக்கு. என் கணவர் சுங்காய் பக்கத்தில் ஒரு மழை நாளில் மோட்டார் சைக்கிளோடு போனவர். வளைவில் வேகம் அதிகம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடாமல், தான் போய் அவரை அடையாளம் காட்டிவிட்டு வந்தவன் இந்தத் தம்பிதான். அப்புறம் என்னைத் தோட்டத்திலிருந்து ஈப்போவுக்குக் கூட்டிவந்து கடை வைத்துக் கொடுத்தவனும் அவன்தான். எனக்குப் பிள்ளை இல்லை, அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் எதிலாவது வேகமாகப் போகிறான் என்றால், திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். இதை மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் உள்ளேயே கட்டினேன். காரின் முன்பக்கம் கீழே மீன் வாய் மாதிரி ஒரு பெரிய திறப்பு. அதற்குப் பின்னால் கம்பி வலை. வலைக்கும் பின்னால் கையை விட்டு, துணியை அகலமாக விரித்து, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இழுத்து, மூன்று மூன்று முடிச்சுப் போட்டேன். சாமி துணி கசங்கிச் சுருண்டு கிடக்கக் கூடாது, விரிந்து இருக்க வேண்டும் என்று நானே ஒரு சாத்திரத்தை அந்த இடத்தில் உண்டாக்கினேன். தம்பி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "தெரியல. பாகுஸ்" என்றான். நல்லது என்பதற்கு அந்த மலாய்ச் சொல்தான் அவன் வாயில் வரும்.

"தானா விழுற வரைக்கும் கைய வைக்கமாட்டேன்னு சொல்லு."

"வைக்கமாட்டேன்க்கா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் காரைக் கடை வாசலில் நிறுத்தியபோது மேசை முழுவதும் எழுந்து வெளியே போனது. தோசை ஆறியது. திரும்பி வந்தபோது வங்கி அதிகாரி தன் நாற்காலியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு ஓரத்துக்கு நகர்ந்தார். டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி அது. தம்பி உட்கார்ந்த விதத்தை நான் கல்லாவிலிருந்து பார்த்தேன். முதுகு நிமிர்ந்திருந்தது. அன்றைக்கு அவன் தொண்டையைச் செருமவே இல்லை. அந்த நாற்காலிக்காகத்தான் நீ காரே வாங்கினாய் என்று நான் சொன்னால் சண்டைக்கு வருவான். ஆனால் அதுதான் உண்மை.

டாக்டரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. சின்னது, இலேசானது, குதிரைசக்தி தம்பியினுடையதில் பாதிகூடக் கிடையாது. அதைத் தன் கையாலேயே பிரித்து மாட்டுவார். இரண்டு காரையும் வைத்து அன்று ஆரம்பித்த விவாதம் வாரக்கணக்கில் ஓடியது.

"இஞ்ச பாரும் தம்பி," என்பார் டாக்டர். அவர்கள் வீட்டுத் தமிழ் அப்படித்தான் வரும். "குதிரைசக்தி எல்லாம் பேப்பரில ஓடும். நேர் ரோட்டில ஓடும். வளைவுக்குள்ள போனாப் பிறகு எடைதான் கதைக்கும், டயர்தான் கதைக்கும்."

"சக்தி இல்லாம எடை மட்டும் கொறைவா இருந்தா, அதுக்குப் பட்டம் விடலாம் டாக்டர். வளைவு முடிஞ்சு வெளிய வரணும் இல்ல? அங்க யாரு முந்துவா?"

"உண்மைதானே டாக்டர்," என்பார் வங்கி அதிகாரி.

"வளைவு முடியேக்க நீர் இன்னும் பிரேக் பிடிச்சுக்கொண்டு நிப்பீர்."

"அதும் உண்மைதான் மச்சான்," என்பார் அதே மனிதர்.

போனில் படம் போட்டுக் காட்டுவார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் அதே மாடல் காரை எங்கேயோ சுற்றி வந்த நேரத்தை ஒருவர் காட்ட, அந்த நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் சின்னக் கார் ஒன்று சுற்றியதை இன்னொருவர் காட்டுவார். பட்டமும் பதவியும் சுவரில் மாட்டி வைத்திருப்பவர்தான் பேப்பரில் இருப்பது செல்லாது என்கிறார், ஆறாம் வகுப்போடு நின்றவன்தான் பேப்பரில் எழுதியிருக்கிறதே என்கிறான். எனக்கு அதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் தம்பிக்கு அது வேடிக்கை இல்லை என்பதும் எனக்குத் தெரிந்தது. அவன் முதல் தடவையாக அந்த மேசையில் எதிர்த்துப் பேசுகிறான். இதில் தோற்றால் திரும்பவும் வாயை மூடிக்கொள்வான்.

கடைசியில் பேச்சு போதும், ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். சுங்கை சிப்புட் தாண்டி, பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை அழித்து யாரோ ஒரு சின்ன ஓட்டத் தடம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தோட்டம் இல்லை, அதற்கு அடுத்தது. சனிக்கிழமை காலையில் வாடகைக்குக் கிடைக்கும். ஆளுக்கு மூன்று சுற்று, நிற்காமல். மூன்றையும் கூட்டி யாருக்குக் குறைந்த நேரமோ அவர் சொன்னது சரி. ஒரு சுற்று யார் வேண்டுமானாலும் அதிர்ஷ்டத்தில் ஓடிவிடலாம் என்று டாக்டர் சொன்னதால் இந்த ஏற்பாடு.

"நீயும் வாக்கா. சாப்பாடு கொண்டு வா," என்றான் தம்பி. சாப்பாடு ஒரு சாக்கு. அவன் ஜெயிப்பதை நான் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். அன்று கடையை மூடிவிட்டு, நாசி லெமாக் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. வெயில் காலை ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. தம்பியின் லோரிகளைப் பார்த்துக்கொள்ளும் சீன போமன் தன் கருவிப் பெட்டியோடு வந்திருந்தார். மெக்கானிக்கைப் போமன் என்றுதான் நாங்கள் சொல்வோம். சுங்கை சிப்புட்டில் தமிழர்களோடு வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

முதலில் தம்பி தனியாக ஓட்டிப் பழகினான். அந்தச் சத்தத்தை நான் அதுவரை முழுசாகக் கேட்டதில்லை. கடை வாசலில் அது பூனை மாதிரி வந்து நிற்கும். இங்கே முதல் சுற்றில் அது எழுப்பிய இரைச்சலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கடைசி வளைவில் பின்பக்கம் லேசாக விலகியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் எங்களைக் கடந்து போயிருந்தது. டாக்டர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வங்கி அதிகாரி உடனே தம்பி பக்கம் சாய்ந்தார்.

இரண்டாவது சுற்றில் சத்தம் குறைந்தது. மூன்றாவதில் இன்னும் குறைந்தது. நேர்ப் பாதையில்கூட அந்தக் கார் ஏதோ சுமையை இழுப்பதுபோல வந்தது. தம்பி கொட்டகைக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினான். போமன் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தார், குனிந்து அந்த மீன் வாய்க்குள் டார்ச் அடித்தார். அப்படியே குந்தியபடி தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார். மற்றவர்கள் அந்தப் பக்கம் டாக்டரின் காரைச் சுற்றி நின்றார்கள். நான் தண்ணீர் கொடுக்கப் போயிருந்ததால் எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. காரைக் காடி என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வோம்.

"காடிக்கு ஒரு நோவும் இல்ல. மூக்குல துணி கெடக்கு. நீ ஓட்டுனா காத்து அத உள்ள இழுத்து அப்படியே ஒட்டிக்குது. இன்ஜினுக்குப் போற காத்து குளிரணும், குளிரல. சூடு ஏறுது, கம்ப்யூட்டரு பவர கட் பண்ணுது. மொத ரவுண்டு வரைக்கும் தாங்கும், அப்புறம் படுத்துரும். அவுத்துட்டா சரி."

"நீங்க அவுத்துருங்க அண்ணே," என்றான் தம்பி.

"சாமி துணி. நான் தொடமாட்டேன். நீ அவுரு."

தம்பி என் பக்கம் திரும்பினான். ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. சின்ன வயதில் தோட்டத்து வாய்க்காலில் குளிக்கப் போகட்டுமா என்று என்னைக் கேட்கும் முகம்தான் அது.

"அக்கா. அவுத்துரலாமா?"

நான் சரி என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அம்மன் கோபித்துக்கொள்வாள் என்றா நான் பயந்தேன்? சத்தியமாக இல்லை. ஒரு முழத் துணியை அவிழ்த்ததற்காகக் கோபித்துக்கொள்ளும் அம்மனை நான் கும்பிடவில்லை. முதல் சுற்றில் நான் கண்ணை மூடிக்கொண்டதும், இரண்டாவது சுற்றில் அந்தச் சத்தம் அடங்கியபோது மூடாமல் பார்க்க முடிந்ததும் எனக்கு மறக்கவில்லை. அந்தத் துணி அவனை மெதுவாக ஓட வைக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதான். இது இரண்டும் சேர்ந்து என் தலைக்குள் ஓடியது.

"சாமி துணி. நான் என்ன சொல்றது? உன் இஷ்டம்," என்றேன்.

எங்கள் வீட்டில் உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். எங்கள் அம்மா எங்களை எதையும் கூடாது என்று தடுத்ததே இல்லை. உன் இஷ்டம் என்பார், நாங்கள் அடங்கி உட்காருவோம். அந்தச் சொல்லைத்தான் எடுத்து அவன் மேல் போட்டேன். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினான். போமன் டார்ச்சைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

ஓட்டம் நான் நினைத்தபடியே நடந்தது. டாக்டர் முதலில் ஓட்டினார். அவர் கார் கொசு மாதிரி கீச்சென்று ஒரே சத்தத்தோடு மூன்று சுற்றும் ஒரே வேகத்தில் வந்தது. தம்பி முதல் சுற்றில் அவரைவிட நான்கு நொடி குறைவாக வந்தான். இரண்டாவதில் அந்த நான்கும் போனது. மூன்றாவதில் அவன் கால் ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கார் கேட்கவில்லை. வங்கி அதிகாரி மூன்றையும் கூட்டிச் சொன்னார். டாக்டர் ஜெயித்திருந்தார்.

அவர் தம்பியைக் கேலி செய்யவில்லை. தோளில் கை போட்டு, "பழகப் பழக வரும் தம்பி. ஓட்டத் தெரிஞ்சவனிட்ட நூறு குதிரை இருந்தாலும் போதும்," என்றார். கேலியே செய்திருக்கலாம். லோரியில் பதினைந்து வயதிலிருந்து ஏறி இறங்கியவனுக்கு, பேராக் மாநிலம் முழுக்க எந்தத் தோட்டத்தில் எந்தக் குழி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்பவனுக்கு, ஓட்டத் தெரியாது என்று அன்பாகச் சொன்னார். தம்பி, "ஆமா டாக்டர்" என்றான். நாசி லெமாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்கு வந்தபோது டாக்டருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருந்தது. யாரும் அவனை எழுப்பவில்லை. அவனாகவே சமையலறைக் கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டான். வாட்ஸ்அப் குழுவில் யாரோ குதிரை ஒன்று மல்லாந்து படுத்திருக்கும் படத்தைப் போட்டிருந்தார்கள். வங்கி அதிகாரி அவனைக் குதிரைக்காரரே என்று கூப்பிட ஆரம்பித்தார். எல்லாம் சும்மா, சிநேகிதர்களுக்குள் நடக்கிற விளையாட்டு. தம்பியும் கூடச் சிரித்தான். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமினான்.

இப்படி நான்கைந்து ஞாயிறு போனது. நான் சாம்பார் ஊற்றிக்கொண்டு கேட்டேன், பாத்திரம் கழுவிக்கொண்டு கேட்டேன். சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு நாள் டாக்டர் புதிதாக வந்த ஒருவரிடம் கதையை முதலிலிருந்து சொல்லி, "பேப்பருக்கும் தடத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்" என்று முடித்தபோது, என் கையில் இருந்த சட்னி வாளியை மேசையில் டங்கென்று வைத்தேன்.

"டாக்டர், அந்தக் காடில ஒரு குறையும் இல்ல. நான் கட்டுன அம்மன் துணிதான் காத்த அடைச்சிருச்சு. போமன் அப்பவே சொன்னாரு. இவன் அவுக்காம ஓட்டுனான். அது இல்லாட்டி இவன்தான் ஜெயிச்சிருப்பான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உண்மையே தம்பி?"

தம்பி தோசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "துணி இருந்துச்சு டாக்டர். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அக்கா பாசத்துல சொல்லுது. எனக்கு அந்தக் கடைசி வளைவு பிடிபடல, அதான்."

"தம்பிக்கு வக்கீலு வேணாம். அக்கா ஒருத்தரே போதும் லா," என்றார் வங்கி அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டர் மட்டும் எனக்காக இரக்கப்பட்டார். ஒரு தாய்க்குப் பிள்ளையின் பல் நிலைமையை எடுத்துச் சொல்லும் குரலில் சொன்னார், "இஞ்ச பாருங்கோ அக்கா. முந்நூற்றுத் தொண்ணூறு குதிரைக் காரை ஒரு துணித் துண்டு நிப்பாட்ட ஏலுமோ?"

ஏலும் என்று எனக்குத் தெரியும். நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தவள் நான். படித்த மனிதருக்கு அதை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று தெரியாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்படியில் கண்ணீர் வந்தது, வெங்காயம்கூட உரிக்கவில்லை.

கை கழுவ வந்தபோது தம்பி என் பக்கத்தில் நின்றான். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்தில் பேசினான்.

"எதுக்குக்கா சொன்ன?"

"உண்மையத்தானே சொன்னேன்."

"துணியால தோத்தேன்னு சொன்னா, அம்மன் துணியக் கட்டித் தோத்த தோட்டத்தான்னு ஆயிரும். எனக்கு ஓட்டத் தெரியலன்னே இருந்துட்டுப் போவட்டும்."

"நீ அன்னைக்கே அவுத்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன். கேட்டபோதே எனக்கு என் மேல் ஆத்திரமாக வந்தது.

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "உன்கிட்ட கேட்டேன். என் இஷ்டம்னு சொன்ன. நீ பயந்துபோய் இருந்த, பாத்தேன். மாமா போன அன்னைக்கு இருந்த மொகம். அத பாத்துக்கிட்டு எப்படிக்கா அவுக்கிறது? விடு." 

போய் மறுபடியும் கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

இதெல்லாம் நடந்து சில மாதம் ஆகிறது. வருகிற சனிக்கிழமை திரும்பவும் ஓட்டம் வைத்திருக்கிறார்கள். இன்று கடையிலிருந்து கிளம்பும்போது, "சாப்பாடு கொண்டு வாக்கா" என்று மட்டும் சொன்னான். அவன் காரைக் கிளப்புவதற்கு முன்னால் நான் வாசலுக்குப் போய், செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்து அந்த மீன் வாய்க்குள் பார்த்தேன். துணி வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தது. ஓரம் கொஞ்சம் நைந்திருந்தது. என் முடிச்சு ஆறும் அப்படியே இருந்தன. சனிக்கிழமைக்குள் அது தானாக விழாது.

ஒரு வார்த்தை போதும். காலையிலிருந்து அடுப்படியில் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அவன் கண்ணாடியை இறக்கி, என்ன என்பதுபோலப் பார்த்தான். இன்ஜின் உறுமியது, வாசல் தகரம் லேசாக அதிர்ந்தது. அவுத்துரு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாத்துப் போ," என்றேன்.